சொல்லாமல் எடுத்த கிழங்கு

அந்தப் பூவைத் தலையில் வைக்க முடியாது; தண்டு கட்டைவிரல் தடிமன். மாலையாகத் தொடுக்க முடியாது. தொட்ட இடத்தில் இதழ் கன்றிவிடும். விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை. சாமிக்குப் போடலாமென்று சரோஜம் மாமி ஒருமுறை கொண்டுபோனபோது, தெருக்கோயில் குருக்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஏதோ கலப்பு மாமி, சாஸ்திரத்துல இல்லை" என்று கையில் கொடுத்துவிட்டார். "அப்போ எனக்கே இருக்கட்டும். தாலி இறங்கினப்புறம் நேக்கும் சாஸ்திரத்துல இடமில்லை" என்று மாமி திரும்பி வந்தாள்.

அப்படிப்பட்ட பூவுக்குத்தான் சுடலைமாடத்தி ஆசைப்பட்டாள். ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. பெரிய வீட்டுக்காரர் மாடியில் ஆர்க்கிட் வளர்த்தால் அதை ரசனை என்கிறோம். அந்த மாடியைப் பெருக்குகிறவள் ஒரு பூவுக்கு ஆசைப்பட்டால் மட்டும் நமக்குக் காரணம் வேண்டியிருக்கிறது. அவளுக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

மாடத்திக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாங்குநேரிப் பக்கம் பிறந்து, கல்யாணம் முடிந்த கையோடு கணவன் வன்னியபெருமாளுடன் திருவனந்தபுரத்துக்கு வந்தவள். அவன் கான்கிரீட் வேலை, அவள் சிற்றாள். ஒரு கட்டடம் எழும்பும்வரை அதன் பக்கத்தில் தகரக் கொட்டகை. வர்ணம் அடித்து முடிந்ததும் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு அடுத்த இடம். போன இடத்திலெல்லாம் அவள் மிளகாயும் கத்தரியும் போட்டாள். பெரும்பாலும் காய்ப்பதற்குள் கிளம்பச் சொல்லிவிடுவார்கள். "நாங்க கட்டுன வீட்ல நாங்க இருக்க முடியாது, சரி. நான் வச்ச கத்தரிக்காயத் திங்கவாவது விடுங்களேன்" என்று அவள் ஒரு மேஸ்திரியிடம் கேட்டது அந்தக் கூட்டத்தில் வெகுநாள் சிரிப்பாக ஓடியது.

வன்னியபெருமாள் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போன பிறகுதான் அலைச்சல் நின்றது. காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்து ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார். அப்புறம் அவர் போன் எடுக்கவில்லை. கரமனை ஆற்றோரத்து லைன் வீடுகளில் ஒன்றில் ஒரு அறையும் சமையல் மூலையுமாக வாடகைக்கு அமர்ந்தார்கள். சமையல் மூலைக்கும் ஆற்றுச் சுவருக்கும் நடுவே ஒரு கீற்று மண் கிடந்தது. மாடத்தி அக்ரகாரத் தெருவில் வீட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அவன் கட்டிலில் கிடந்தபடி உலகத்தைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தான்.

நாலைந்து வீடுகளில் வேலை. அதில் சரோஜம் மாமி வீடு கடைசி. மாமி தனியாள். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் நீலகண்டன் மெல்பர்னில். அப்பா போன பிறகு அவன் வந்து வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று என்று கேமரா வைத்துவிட்டுப் போனான். அங்கிருந்தே போனில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுச் சாவியில் ஒன்று மாடத்தியின் இடுப்பில் இருக்கும். மாமி குளியலறையில் விழுந்து கிடந்தால் உள்ளே வர ஒரு ஆள் வேண்டுமே.

மாமி புரட்சிக்காரி இல்லை. மாடத்திக்குக் காப்பி தனி டம்ளரில்தான். அந்த டம்ளர் கொல்லை மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும், கழுவி வைக்க வேண்டியதும் மாடத்திதான். அதை நியாயப்படுத்த எதுவுமில்லை. ஆனால் கொல்லைக்கு இறங்கிவிட்டால் இரண்டு பேரும் ஒரே சேற்றில் குந்தி உட்காருவார்கள். ஒரே அரிப்பு இரண்டு பேர் கையிலும் வரும். அந்த லில்லியின் சாறு தோலில் பட்டால் அரிக்கும், வயிற்றுக்குள் போனால் விஷம்.

ஆற்றோரத்தில் வெள்ளையாகப் பூக்கும் விஷமூங்கிலுக்கு அது தூரத்துச் சொந்தம். கிரைனம் லில்லி என்று பெயர். தென்னாப்பிரிக்காவின் இரண்டு இனங்களைக் கலந்து யாரோ உண்டாக்கியது. பூக்காட்சியில் மாமியின் கணவர் கிழங்காக வாங்கி வந்தார். கழுத்து நீண்ட பெரிய வெங்காயம் மாதிரி இருந்தது. கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய நடவேண்டும், முழுக்கப் புதைத்தால் அழுகும். இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு வருஷக்கணக்கில் பூக்காது. விதையும் பிடிக்காது, தாய்க்கிழங்கின் பக்கத்தில் குட்டிக் கிழங்கு விட்டால்தான் உண்டு. கோடை மழை விழுந்ததும் இலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தண்டு எழும். அதன் தலையில் ரோஜா நிறத்தில் குழல் குழலாகப் பூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரியும். ஒன்று வாடும்போது அடுத்தது திறக்கும்.

அதற்குப் பகைவர்கள் இரண்டு பேர். கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு புழு. கண்டுகொள்ளாமல் விட்டால் இலையைச் சல்லடையாக்கிவிடும். இன்னொன்று, ஊரையே பிடித்துத் தின்னும் ஆப்பிரிக்க நத்தை. புழுவை மாடத்தி குச்சியால் பொறுக்குவாள். நத்தைக்கு மாமி உப்பு வைப்பாள்.

"ஏண்டி மாடத்தி, இவனைப் பாரேன். செடியும் ஆப்பிரிக்கா, இவனும் ஆப்பிரிக்கா. ஊர்க்காரியைப் பாக்க வந்திருக்கான்."

"ஊர்க்காரியப் பாக்க வந்தவன் இப்படியாம்மா கடிச்சுத் திம்பான்?"

"பின்னே? சொந்தக்காராதாண்டி திம்பா. மத்தவாளுக்கு ஏது உரிமை!"

இப்படிச் சில வருஷம் போயிற்று. மாடத்தி ஒருநாளும் வாய்திறந்து கேட்கவில்லை. பூத்திருக்கும் நாட்களில் துடைப்பத்தைப் பிடித்தபடி கொஞ்சம் அதிக நேரம் நிற்பாள், அவ்வளவுதான். மாமி அதைப் பார்க்காதவள் இல்லை.

போன வருஷம் மழை தொடங்கும் முன் தாய்க்கிழங்கின் பக்கத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு குட்டி தலை காட்டியது.

"பாத்தியோ?" என்றாள் மாமி.

"பாத்தேன்."

"பாத்துண்டே நின்னா போறுமா? நான் கொடுக்கப்படாது, கேட்டியா. கொடுத்து வச்சா பிடிக்காது."

"எங்க ஊர்லயும் அப்படித்தாம்மா சொல்லுவாவ. கறிவேப்பில, வெத்திலக்கொடி எல்லாம் களவாண்டு வச்சாத்தான் தழைக்குமாம்."

"அதான். நாளைக்கு மத்தியானம் நான் கொல்லைப்படியில உக்காந்து அரிசி பொடைப்பேன். அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்."

இந்த வழக்கம் இரு பக்கத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும். அதற்கு விதிகளும் உண்டு. எடுக்கிறவள் எடுக்கிறேன் என்று சொல்லக்கூடாது. சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு போக வேண்டும். வாசல் வழியாகப் போகக்கூடாது; நன்றியும் சொல்லக்கூடாது, போய்வருகிறேன் என்றும் சொல்லக்கூடாது. செடிக்காரி அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக்கூடாது. செடி புது இலை விடும்வரை, யார் கேட்டாலும், கொடுத்தேன் என்று அவள் வாயால் வரக்கூடாது.

முழு மூடத்தனம் என்பதில் சந்தேகமில்லை. கிழங்குக்கு வேர் உண்டு, காது கிடையாது. கொடுத்த கை எது, எடுத்த கை எது என்று அதற்குத் தெரியாது. ஆனாலும் மனிதர்கள் சில சமயம் ஒரு மூடநம்பிக்கைக்குள் ஒரு நாகரிகத்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள். கேட்கிறவள் கையேந்த வேண்டாம், கொடுக்கிறவள் வள்ளலாக நிமிர வேண்டாம். இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டு ஆடினால் போதும். சமமானவர்களுக்கு நடுவே அது அழகான ஏற்பாடு.

மறுநாள் மத்தியானம் மாமி முதுகைத் திருப்பிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். முறத்தை வேண்டுமென்றே பலமாகத் தட்டினாள். மாடத்தி வேலி ஓரம் பார்த்தாள், பக்கத்து வீட்டைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு குந்தினாள். கொத்துக்கரண்டியால் குட்டியைத் தாயிடமிருந்து வேர் அறுபடாமல் பிரித்தாள். குழியை மூடி, மேலே சருகு பரப்பி, கிழங்கைத் தலைப்பில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகச் சந்துக்குள் நழுவினாள். எல்லா விதியையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள்.

ஆற்றோர வீட்டில் பக்கத்து அறைக்காரி சபீனா, தையல் கடைக்குப் போகிறவள், எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, யானை வெங்காயமா? சாம்பாருக்கா?"

"போட்டுக் குடிச்சுப் பாரு. ராத்திரிக்கே மேல போயிருவ."

"எங்கே கிட்டிச்சு?"

"களவாண்டது."

கட்டிலிலிருந்து வன்னியபெருமாள் குரல் கொடுத்தான். "கேட்டியா சபீனா? முப்பது வருசமா ஒழுங்கா இருந்தவ, இப்பம் களவுக்குப் போயிருக்கா. நாளைக்கு பேங்கு."

"ஒங்களைத் தூக்கிட்டு ஓட முடியாதுன்னுதான் பேங்குக்குப் போகல" என்று மாடத்தி மண்ணைக் கிளறினாள். ஆற்று மணலும் மக்கிய சாணமும் கலந்து, கழுத்து வெளியே தெரிய நட்டு, சுற்றிலும் உப்புப் படாமல் ஓட்டுச் சில்லால் நத்தைக்கு வரப்புக் கட்டினாள். அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்தக் கீற்று மண்ணைவிட்டு இனி யாரும் தன்னைக் கிளம்பச் சொல்ல மாட்டார்கள் என்று நினைத்தாள்.

கொல்லைக் கேமரா ஆள் நடமாட்டத்தைக் கண்டால் நீலகண்டனின் போனுக்குத் தகவல் அனுப்பும். அவன் பார்த்தான். அம்மா முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். வேலைக்காரி இரண்டு பக்கமும் பார்க்கிறாள், தோண்டுகிறாள், எதையோ எடுத்துச் சேலைக்குள் மறைக்கிறாள், குழியைச் சருகு போட்டு மூடுகிறாள், சொல்லாமல் பின்பக்கம் போகிறாள். அந்த வீட்டுக் கேமரா இரண்டிலும் சத்தம் பதிவாகாது. கேமரா பொய் சொல்லாது என்பார்கள். உண்மைதான், கேமரா எதையுமே சொல்லாது. சொல்வதெல்லாம் பார்க்கிறவன்.

அவன் கெட்டவன் இல்லை. அம்மாவுக்கு போன் செய்தான்.

"அம்மா, கொல்லையில இருக்கிற லில்லிக் கிழங்கை யாருக்காவது கொடுத்தியா?"

மாமிக்கு ஒரே ஆனந்தம். இத்தனை வருஷத்தில் அவன் அந்தச் செடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தெரிந்துகொண்டே சீண்டுகிறான் என்று நினைத்தாள். "நானா? நான் ஒருத்தருக்கும் கொடுக்கலையே" என்றாள்.

"மாடத்திக்கு?"

"நான் பாக்கவே இல்லைடா. அரிசின்னா பொடைச்சுண்டிருந்தேன்!" என்று சிரித்தாள்.

பெற்ற தாய் ஏமாந்தது தெரியாமல் சிரிக்கிறாள் என்று அவன் நினைத்தான். அம்மாவைப் பயமுறுத்த வேண்டாமென்று அவளிடம் அதற்கு மேல் பேசவில்லை. அந்தத் துண்டுப் படத்தைத் தெரு அசோசியேஷனின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினான். வீட்டுச் சாவி இவளிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினான்.

அன்று சாயங்காலமே குழுவில் எல்லோரும் பேசினார்கள். ஒருத்தர் அது கிழங்கு இல்லை, புதைத்து வைத்த நகை என்றார். இன்னொருத்தர், பட்டதாரி, கூடோத்திரம், அதாவது சூனியம், வைத்ததைத் திருப்பி எடுத்திருப்பாள், வீட்டில் பூஜை செய்வது நல்லது என்றார். அவருக்குக் கைகூப்பும் படங்கள் வரிசையாக வந்தன. சூனியத்தை நம்புகிறவர்கள் நிறைந்த அந்தக் குழுவில், செடியைத் திருடி வைக்கும் வழக்கம் மட்டும் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை.

அசோசியேஷன் செயலாளர் பிஜு மாடத்தியை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். மலையாளி, தமிழ்த் தெருவில் பழகிப் பழகி இரண்டும் கலந்து பேசுவார். அசோசியேஷன்காரர்கள் சிலரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பிஜு போனை நீட்டினார். மாடத்தி பார்த்தாள், முதலில் சிரித்துவிட்டாள்.

"ஐயோ, நானா இது? இம்புட்டு குண்டாவா இருக்கேன்?"

யாரும் சிரிக்கவில்லை. அவள் முகம் மெதுவாக மாறியது.

"சேச்சி, இது என்ன எடுத்தது?"

"லில்லிக் கிழங்கு சார். களவாண்டுதான் வைக்கணும்னு அம்மா சொன்னாவ."

அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அப்போ எடுத்ததை சேச்சியே ஒத்துக்கிட்டாச்சல்லோ" என்றார் பிஜு.

"அது வெளையாட்டு சார். அம்மாட்ட கேளுங்க, அவியளுக்குத் தெரியும்."

"கேட்டாச்சு. நீலகண்டன் சார் கேட்டாரு. கொடுக்கலை, பாக்கலைன்னு அம்மா சொல்லியாச்சு."

மாமி ஏன் அப்படிச் சொன்னாள் என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும் தெரியும். கிழங்கு இன்னும் புது இலை விடவில்லை. அதை இவர்களிடம் எப்படிச் சொல்வது? சொன்னாலும் அது இன்னொரு பொய்யாகத்தான் காதில் விழும்.

"கேஸ் போடுங்க சார்" என்றாள் மாடத்தி.

"என்ன?"

"போலீஸ்ல எழுதிக் கொடுங்க. கோர்ட்டுக்குப் போனா ஜட்ஜி அம்மாவக் கூப்பிட்டு, எனக்கு முன்னால வச்சுக் கேப்பாருல்லா? அப்பம் தெரிஞ்சிரும்."

பிஜு பதறிப்போனார். "அய்யோ, அதொண்ணும் வேண்டா. இதைப் பெரிசாக்க வேண்டா. சார் க்ஷமிச்சாச்சு. சாவியைத் தா, கிழங்கைத் திருப்பிக் கொண்டு கொடு, மதி, அது போதும்."

இதுதான் அவளுக்கு நடந்த அநியாயத்தில் மிகப் பெரியது. நடத்தியவர்களோ அதைத் தங்கள் பெருந்தன்மை என்று இன்றுவரை நம்புகிறார்கள். குற்றம் சாட்டினால் மறுக்கலாம். வழக்குப் போட்டால் வாதாடலாம், தோற்றால் அப்பீல் உண்டு. விசாரிக்காமல் மன்னித்துவிட்டால் எங்கே போய் முறையிடுவது? மன்னிக்கப்பட்டவள் ஆயுள் முழுக்கக் குற்றவாளி. ஏழைகளுக்கு நம் நாட்டில் பெரும்பாலும் கிடைப்பது இந்தத் தீர்ப்புதான்.

மற்ற வீடுகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் திட்டவில்லை. ஒரு வீட்டில் மெஷின் வாங்கப் போகிறார்கள். ஒரு வீட்டில் மகள் வருகிறாள், அவளே பார்த்துக்கொள்வாள். மாமிக்கு அடுத்த வீட்டு ராஜமணி மாமி மட்டும் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் நம்பலைடி மாடத்தி. ஆனா எல்லாரும் நிறுத்தறச்சே நான் மட்டும் எப்படி வச்சுக்கறது?"

"நீங்களும் அதே கொல்லையில நந்தியாவட்டைக் கொம்பு எடுத்தீயளேம்மா, பொங்கலுக்கு முன்னால. இதே மாதிரி மறைச்சுக்கிட்டுத்தானே போனீய? கேமரால அதுவும் உண்டுமே."

ராஜமணி மாமி கையை விட்டாள். "அது வேறடி" என்றாள்.

வேறுதான். நீலகண்டன் அந்தப் படத்தையும் பார்த்திருந்தான். ராஜமணி மாமி ஏதோ செடி எடுக்கிறாள் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டான். அதே கொல்லை, அதே கேமரா, அதே நழுவல். எடுத்தவள் யார் என்பதுதான் வேறு.

மாடத்தி வராத முதல் நாள், உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று மாமி நினைத்தாள். மறுநாள் காலை ஷைலஜா என்ற ஹோம் நர்ஸ் பெட்டியோடு வந்து இறங்கினாள். மகன் ஏற்பாடு. அவளிடம் கேட்டு, பிஜுவைக் கூப்பிட்டுக் கேட்டு, நடந்ததை மாமி அறிந்தாள். உடனே மெல்பர்னுக்கு போன்.

"நான்தாண்டா கொடுத்தேன்! நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்!"

"அம்மா, நீதானே கொடுக்கலைன்னே? பாக்கவே இல்லைன்னே?"

"அது அப்படித்தாண்டா சொல்லணும். இலை விடறவரைக்கும் சொல்லப்படாது."

நீலகண்டன் குழந்தையிடம் பேசுவதுபோல் மெல்லப் பேசினான். "சரிம்மா. நீ அவளுக்காகப் பாவப்படறே, எனக்குப் புரியறது. அன்னிக்கு ஒண்ணு சொன்னே, இப்போ ஒண்ணு சொல்றே. ரெஸ்ட் எடுத்துக்கோ. டாக்டர்ட்ட பேசறேன்."

பாசமுள்ள மகன்தான். வேலைக்காரி பேச்சை நம்பாத அதே வேகத்தில், பெற்ற தாயின் பேச்சையும் அவன் நம்பவில்லை. வயதான பெண்ணும் ஏழைப் பெண்ணும் ஒரே சாட்சிக்கூண்டில்தான் நிற்கிறார்கள். இருவர் வார்த்தைக்கும் ஒரே மதிப்பு.

சில நாள் கழித்து மாடத்தி கிழங்கைத் தோண்டினாள். அதற்குள் அது பிடித்துவிட்டிருந்தது. நடுவிலிருந்து வெளிறிய பச்சையில் ஒரு புது இலை நாக்கு நீட்டியிருந்தது. "இருக்கட்டும்டி, எவன் வந்து பாக்கப் போறான்" என்றான் வன்னியபெருமாள், கிண்டல் இல்லாமல். "என் மண்ணுல இது இருந்தா அவிய சொன்னது நெசமாயிரும்" என்றாள் அவள். சபீனா பழைய துணி கொடுத்தாள். வேரில் ஈரமண்ணோடு சுற்றிக்கொண்டு, இந்த முறை சந்து வழியாக இல்லாமல், பகல் வெளிச்சத்தில் அக்ரகாரத் தெருவின் நடுவே நடந்து போனாள்.

வாசலில் கம்பி போட்ட அழிக்கதவு பூட்டியிருந்தது. திறக்கக்கூடாது என்று ஷைலஜாவுக்கு உத்தரவு. குரல் கேட்டு மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"எங்கேடி போயிட்டே!"

"வரக்கூடாதுன்னுட்டாவம்மா."

"நான்தாண்டி உன்னைக் கெடுத்துட்டேன். செடிக்கு ஆகாதுன்னு, ஒரு வெங்காயத்துக்காக..."

"எனக்குத் தெரியும்மா. நீங்க என்ன நெனச்சுச் சொன்னீயன்னு அங்கயே தெரிஞ்சுபோச்சு. அழாதீய."

கம்பிகளுக்கு நடுவே கிழங்கை உள்ளே நீட்டினாள். மாமி வாங்கினாள். புது இலையைப் பார்த்தாள். பார்த்ததும் என்ன தோன்றியதோ, கிழங்கை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, வாசல் கேமராவைப் பார்த்துக் கத்தினாள்.

"டேய் நீலு! நன்னாப் பாத்துக்கோ! இதை நான் கொடுக்கறேன். என் கையால மாடத்திக்குக் கொடுக்கறேன். ஷைலஜா, நீயும் பாத்துக்கோ!" கத்திக்கொண்டே கிழங்கைக் கம்பிக்கு வெளியே தள்ளினாள். "எடுத்துண்டு போடி. இலை விட்டாச்சு. இனிமே சொல்லலாம். எடுத்துண்டு போ."

மாடத்தி கையை நீட்டவில்லை.

"வேண்டாம்மா. அந்தப் பெட்டிக்குக் காது கெடையாது. நீங்க அழுதுகிட்டு நீட்டுததும் நான் வாங்குததும்தான் தெரியும். வயசானவள அரட்டி வாங்கிட்டுப் போயிட்டான்னு நாளைக்கு அதையும் போடுவாவ."

"நான் கொடுக்கறேண்டி!"

"நீங்க கொடுத்ததுதாம்மா. அன்னைக்கே கொடுத்தது." மாடத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "கழுத்து வெளிய தெரியுத மாதிரி நடச் சொல்லுங்க. நத்தை வந்திராம. போயிட்டு வாரேன்மா."

தெருவில் சில ஜன்னல்கள் திறந்திருந்தன. அவள் தெருமுனை திரும்பும்வரை மாமியின் நீட்டிய கை கம்பிக்கு வெளியே அப்படியே இருந்தது. ஷைலஜா வந்து மெல்ல விரல்களைப் பிரித்துக் கிழங்கை வாங்கினாள்.

மாடத்தி இப்போது கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டலின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறாள். அங்கே யாரும் அவளிடம் சாவி கொடுப்பதில்லை, கொடுக்க வேண்டிய வேலையும் இல்லை. ஆற்றுச் சுவர் ஓரத்து மண் சும்மா கிடக்கிறது. சபீனா கீரை போடச் சொன்னாள். "பாப்போம்" என்றாள்; போடவில்லை.

ஒருநாள் காலை பஸ் நிறுத்தத்தில் ஷைலஜாவைப் பார்த்தாள். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் வழி. ஷைலஜாதான் அருகில் வந்து கையைத் தொட்டாள்.

"அம்மா சொகமா இருக்காவளா? சாப்பிடுதாவளா?" என்று மாடத்தி கேட்டாள்.

"கொறவுதான் சேச்சி. ஒறக்கம் ஜாஸ்தி. டாக்டர் மாத்திரை கூட்டியிருக்கு."

"எதுக்கு? மேலுக்கு என்ன?"

ஷைலஜா தயங்கினாள். "மேலுக்கு ஒண்ணுமில்லை. யார் வந்தாலும் பிடிச்சு நிறுத்தி, 'நான்தான் கொடுத்தேன், மாடத்தி எடுக்கலை, நான்தான் கொடுத்தேன்'னு சொல்லும். போன்லயும் அதுதான். நடக்காததை நடந்ததுன்னு சொல்றது மறதி நோயோட லட்சணம்னு மகன் டாக்டர்ட்ட சொல்லியிருக்காரு. சொல்லச் சொல்ல மாத்திரை கூடுது. இப்போ பகல்லயும் எழுப்பித்தான் சோறு கொடுக்கணும். நான் அன்னைக்கு வாசல்ல பாத்தேன் சேச்சி, எனக்குத் தெரியும். சொன்னா என் வேலை போகும்."

மாடத்தியின் பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, போய்விட்டது.

"நீங்க ஒரு உபகாரம் செய்யணும்" என்றாள் கடைசியில். "நான் சொன்னதா அம்மாட்ட சொல்லுங்க. இனிமே யாருட்டயும் அப்படிச் சொல்ல வேண்டாம். மாடத்தி களவாண்டதுதான்னு மகன்ட்ட சொல்லிரச் சொல்லுங்க. அப்பமாவது மாத்திரையைக் கொறைப்பாவ."